அலர்ஜி தோல் பரிசோதனையின்போது கடும் ஒவ்வாமை வந்தால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலர்ஜி கிளினிக்கில் செவிலியராக வேலை செய்கிறேன். கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்தும் அந்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மா அப்பாக்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. உங்கள் உடம்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் உங்களைப் பார்க்கும் டாக்டர்தான், அவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

தோல் பரிசோதனையில் உயிருக்கே ஆபத்து வரலாம் என்கிறார்களே, உண்மையா?

வரலாம், ஆனால் மிக மிக அரிது. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவது சரியில்லை. பயந்துபோய் பரிசோதனையையே தள்ளிப்போட்டு, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் வருஷக்கணக்கில் தவிப்பதும் சரியில்லை. பரிசோதனை நடக்கும் அறையில், கடும் ஒவ்வாமைக்கு முதலில் போட வேண்டிய அட்ரினலின் ஊசி எடுத்த எடுப்பில் கிடைக்கிற மாதிரி இருக்கிறதா, அதைத் தயங்காமல் போடத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா, இவை இரண்டும்தான் எனக்குப் பெரிய விஷயம். இவை இருக்கும் இடத்தில் இது பாதுகாப்பான பரிசோதனை. இவை இல்லாத இடத்தில் ஒரே ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பதைக்கூட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பரிசோதனையில் என்னதான் செய்வார்கள்?

முக்கியமாக இரண்டு வகை. முதலாவது பிரிக் டெஸ்ட். முழங்கையின் உட்புறத்துக்குக் கீழே முன்கையிலோ, சின்னக் குழந்தையாக இருந்தால் முதுகிலோ, தூசிப்பூச்சி, கரப்பான், மகரந்தம், பூஞ்சை, உணவு என்று ஒவ்வொன்றின் சாற்றையும் ஒரு சொட்டு வைத்து, அதன் வழியாகத் தோலின் மேல்பகுதியை லேசாகக் குத்துவார்கள். ரத்தம் வராது. 15 முதல் 20 நிமிஷம் கழித்துப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாத பொருள் இருந்த இடம் கொசு கடித்தது போலத் தடித்திருக்கும். வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிப்பு இருந்தால் பாசிட்டிவ். ஹிஸ்டமின் வைத்த ஓர் இடமும் இருக்கும். அது எல்லோருக்கும் தடிக்க வேண்டும், தடிக்கவில்லை என்றால் பரிசோதனையே செல்லாது.

இரண்டாவது இன்ட்ராடெர்மல். மெல்லிய ஊசியால் தோலுக்குள்ளேயே 0.02 முதல் 0.05 மி.லி. வரை செலுத்துவது. தேனீ, குளவி விஷத்துக்கும் பென்சிலின் போன்ற மருந்துகளுக்கும் இது தேவைப்படும். உள்ளே போகும் திரவம் பிரிக் டெஸ்டைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம், அதனால் சாற்றை 100 முதல் 1000 மடங்கு வரை நீர்க்கச் செய்துதான் பயன்படுத்துவார்கள். அப்படியும் உடம்பு முழுக்கப் பரவும் ரியாக்‌ஷன் இந்த வகையில்தான் கூடுதலாக வருகிறது. பிரிக் டெஸ்ட் செய்து பார்த்த பிறகே இன்ட்ராடெர்மல் என்பது சும்மா வைத்த வரிசை இல்லை. உணவுப் பொருள்களுக்கு இன்ட்ராடெர்மல் செய்யவே கூடாது.

இதுவரை யாராவது இறந்திருக்கிறார்களா?

இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1945 முதல் 1984 வரை நடந்தவற்றைத் தொகுத்து 1987-ல் வெளியிட்ட ஆய்வில் தோல் பரிசோதனையால் 6 மரணங்கள் பதிவாகியுள்ளன. அதில் 5 பேருக்கு, முதலில் பிரிக் டெஸ்ட் செய்யாமல் நேராக இன்ட்ராடெர்மல் செய்திருந்தார்கள். பிறகு அதே நாட்டில் 1990 முதல் 2001 வரை 12 வருஷங்களுக்கு அலர்ஜி மருத்துவர்களிடம் கேட்டுத் தொகுத்தபோது பிரிக் டெஸ்ட்டில் ஒரே ஒரு மரணம். அந்த நோயாளிக்கு ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தது, ஒரே அமர்வில் 90 உணவுப் பொருள்களுக்குக் குத்தியிருந்தார்கள்.

இந்த மரணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் குறுக்குவழியில் இன்ட்ராடெர்மல், ஆஸ்துமா, ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிய குத்துகள் என்று தவிர்த்திருக்கக்கூடிய காரணங்களே கண்ணில் படுகின்றன. மரணம் வரை போகாத, உடம்பு முழுக்கப் பரவும் ரியாக்‌ஷன் பிரிக் டெஸ்ட்டில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது, அதிலும் பெரும்பாலானவை உடனே மருந்து கொடுத்தால் அடங்கிவிடுபவை.

ஒரு சொட்டுதானே, அதுவும் தோலின் மேல்? அதற்கே உடம்பு ஏன் இப்படிப் பொங்குகிறது?

1902-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஷார்ல் ரிஷேவும் பால் போர்த்தியேவும் கடல் அனிமோனின் விஷத்தை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் தடவை தாங்கிய நாய், சில வாரம் கழித்து அதைவிடக் குறைந்த அளவு கொடுத்தபோது நிமிஷங்களில் மூச்சுத் திணறிச் செத்துப்போனது. இதைத்தான் அவர்கள் அனாபிலாக்சிஸ் என்றார்கள், ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசும் கிடைத்தது. முந்தைய சந்திப்பில் உடம்பு ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து, அதை மாஸ்ட் செல்கள் என்ற அணுக்களின் மேல் ஒட்டிவைத்துக் காத்திருக்கும். அதே பொருள் மறுபடி வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலான ரசாயனங்களை மொத்தமாகக் கொட்டிவிடும். குத்திய இடத்தில் மட்டும் கொட்டினால் தடிப்பு. ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் உள்ள செல்கள் சேர்ந்து கொட்டினால் ரத்தக்குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்கும், மூச்சுக்குழாய் சுருங்கும், தொண்டை வீங்கும். அளவைவிட, உடம்பு எவ்வளவு உஷாராக இருக்கிறது என்பதுதான் இங்கே பேசுகிறது.

யாருக்கு அபாயம் அதிகம்?

முதலிடம் கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவுக்கு. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். நேற்று ராத்திரி இளைப்பில் தூக்கம் போயிருக்கும், காலையில் இரண்டு பஃப் அடித்துவிட்டு வந்திருப்பார், கேட்டால் "இப்ப பரவாயில்ல சிஸ்டர், பண்ணிடுங்க, லீவு போட்டு வந்திருக்கேன்" என்பார். அன்று பரிசோதனை கிடையாது. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் நுரையீரலின் திறன் எதிர்பார்ப்பதில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் பொதுவாகத் தள்ளிவைப்பார்கள். வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்தவரைத் திருப்பி அனுப்புவது வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அனாபிலாக்சிஸில் உயிர் போகிறவர்களில் பலர் ஆஸ்துமா உள்ளவர்கள் என்பது தெரிந்த பிறகு வேறு வழியில்லை.

அப்புறம், அந்தப் பொருளால் முன்பே கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள். இறால் சாப்பிட்டு மயங்கி விழுந்தவர், குளவி கொட்டி ஐசியுவில் கிடந்தவர், நிலக்கடலை பட்டதும் உதடு வீங்கிய குழந்தை. இவர்களுக்குப் பரிசோதனை தேவைதான், ஆனால் குறைந்த செறிவில் தொடங்கி, சில பொருள்களை மட்டும் எடுத்து, எல்லா ஏற்பாட்டோடும் செய்ய வேண்டும். பச்சை மீனையோ பழத்தையோ குத்திவிட்டு அதே முனையால் தோலிலும் குத்தும் முறை ஒன்று உண்டு. அதில் எவ்வளவு புரதம் போகிறது என்று அளவிட முடியாது, ஆகவே கூடுதல் கவனம் வேண்டும். ரப்பர் பாலான லேடெக்ஸுக்குச் செய்யும் பரிசோதனையும் அப்படித்தான். மாஸ்டோசைட்டோசிஸ் என்ற, மாஸ்ட் செல்கள் மிகுந்துபோகும் நோய் உள்ளவர்களும் இந்த வரிசையில் வருவார்கள்.

அன்றைக்குக் காய்ச்சல் இருந்தாலோ உடம்பில் அரிப்புத் தடிப்பு இருந்தாலோ வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கடும் ரியாக்‌ஷன் வந்து 4 முதல் 6 வாரம் ஆகாமலும் பரிசோதனை வேண்டாம், அந்தச் சமயத்தில் மாஸ்ட் செல்கள் காலியாக இருப்பதால் நெகட்டிவ் என்று பொய்யாகக் காட்டலாம்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள். அட்டெனலால், மெட்டோபுரலால், புரோபிரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்துகள் சாப்பிடுகிறவருக்கு ரியாக்‌ஷன் வந்தால் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். மாத்திரை ரியாக்‌ஷனைக் கொண்டுவருவதில்லை, வந்த ரியாக்‌ஷனைத் திருப்பவிடாமல் தடுக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்காகக் குளூகாகான் என்ற ஊசியையும் வைத்திருப்பார்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமலால் சொட்டு மருந்தும், ஒற்றைத் தலைவலிக்காகவோ பதற்றத்துக்காகவோ கொடுத்த புரோபிரனலாலும் இதே வகைதான். அவை மருந்துப் பட்டியலில் சேர்த்துச் சொல்லப்படாமலே விடுபட்டுவிடுகின்றன. எனலாபிரில், ராமிபிரில் சாப்பிடுபவர்களும் சொல்ல வேண்டும்.

அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு வராதீர்கள். இதய நோய்க்குக் கொடுத்த பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்துவது தனி ஆபத்து. அந்த மருந்தை எழுதிக்கொடுத்த டாக்டரும் அலர்ஜி டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

அலர்ஜி மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும்?

செட்டிரிசின், லீவோசெட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின், லோரட்டடின் போன்றவை தடிப்பை எழவிடாமல் அமுக்கிவிடும் என்பதால் ஒரு வாரம் நிறுத்தச் சொல்வார்கள். மான்டிலூகாஸ்ட் பிரச்சினையில்லை, ஆனால் நம் ஊரில் அது பெரும்பாலும் லீவோசெட்டிரிசினோடு கலந்த ஒரே மாத்திரையாகத்தான் வருகிறது, அதை மறந்துவிடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் சளிக்கு என்று வாங்கும் மாத்திரைகளிலும் இருமல் சிரப்களிலும் குளோர்ஃபெனிரமின் என்ற அலர்ஜி மருந்து இருக்கும். மன அழுத்தத்துக்கோ நரம்பு வலிக்கோ கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் தடிப்பை அமுக்கிவிடும், அதை நிறுத்தலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் நிறுத்தவே கூடாது. "எல்லா மருந்தையும் நிறுத்திட்டு வாங்கன்னு சொன்னாங்க" என்று ஒரு வாரம் இன்ஹேலரை விட்டுவிட்டு மூச்சிரைக்க வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பரிசோதனைக்கு அதைவிட மோசமான தயாரிப்பு கிடையாது. மாத்திரையை நிறுத்தியதும் அரிப்போ இளைப்போ தாங்க முடியாமல் போனால், மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போன் செய்து தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது செய்யலாமா?

பொதுவாகப் பிரசவம் முடியட்டும் என்று தள்ளிவைப்பார்கள். தாயின் ரத்த அழுத்தம் இறங்கினால் குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும் என்பதுதான் காரணம். அவசரமாகத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

குழந்தைகளுக்கு?

செய்யலாம், கைக்குழந்தைகளுக்கும் தேவை இருந்தால் செய்கிறார்கள். ஆனால் ரியாக்‌ஷன் தொடங்கினால் குழந்தை வாய்விட்டுச் சொல்லாது. திடீரென்று அழுகையை நிறுத்தித் துவண்டு போவது, அம்மாவின் தோளில் சாய்ந்து எழுந்திருக்க மறுப்பது, நாக்கை நீட்டி நீட்டித் தேய்ப்பது, விடாத இருமல், வாந்தி, குரல் மாறுவது எல்லாவற்றையும் கவனியுங்கள். "தூக்கம் வந்திருக்கும்" என்று நினைத்துப் படுக்கவைக்காமல் உடனே எங்களைக் கூப்பிடுங்கள். சும்மா கூப்பிட்டுவிட்டோமோ என்று சங்கடப்படவே வேண்டாம்.

ரியாக்‌ஷன் எப்படித் தொடங்கும்?

பெரும்பாலும் முதல் 30 நிமிஷத்துக்குள். குத்திய இடம் மட்டும் அரிப்பது இயல்பு, அது பரிசோதனையின் பகுதி. குத்தாத இடத்தில் ஏதாவது தொடங்கினால் அதுதான் கவனிக்க வேண்டியது. உள்ளங்கை, உள்ளங்கால், தலைச்சருமம் ஆகியவற்றில் அரிப்பு, காது மடல் சூடாவது, தொடர் தும்மல், தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி அடிக்கடி செருமுவது, குரல் கம்முவது, நெஞ்சு இறுக்கம், வயிறு முறுக்கிக்கொண்டு பிடிப்பது, தலைசுற்றல். சிலருக்கு என்னவென்று சொல்லத் தெரியாமல், ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று நெஞ்சு படபடக்கும். "எனக்கு என்னமோ மாதிரி இருக்கு சிஸ்டர்" என்று ஒருவர் சொன்னால் கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அவரிடம் போக வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

தோலில் ஒன்றுமே தெரியாமலும் அனாபிலாக்சிஸ் வரும். தடிப்பு இல்லையே என்று சமாதானம் அடையக் கூடாது.

ஊசியைப் பார்த்து மயங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பயத்தில் வரும் மயக்கத்தில் முகம் வெளுத்து, சில்லென்று வியர்த்து, நாடித்துடிப்பு மெதுவாகும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் ஓரிரு நிமிஷத்தில் தெளிந்துவிடும். அரிப்போ தடிப்போ இளைப்போ இருக்காது. அனாபிலாக்சிஸில் பொதுவாக நாடி வேகமாக ஓடும், படுக்கவைத்தாலும் தெளியாது. எது என்று உறுதியாகச் சொல்ல முடியாத நேரத்தில் அட்ரினலின் போடுவதே பாதுகாப்பு.

ரியாக்‌ஷன் வந்தால் என்ன செய்வார்கள்?

முதல் மருந்து அட்ரினலின், அதுவும் தொடையின் நடுப்பகுதியில் வெளிப்பக்கத் தசையில். கிலோவுக்கு 0.01 மி.கி. கணக்கு, பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மி.கி. நம் ஊரில் கிடைக்கும் ஆம்பியூலில் 1 மி.லி.யில் 1 மி.கி. இருக்கும், ஆகவே பெரியவருக்கு அரை மி.லி., 20 கிலோ குழந்தைக்கு 0.2 மி.லி. குறையவில்லை என்றால் 5 முதல் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை மறுபடியும் போடலாம். இது தளர்ந்த ரத்தக்குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும், மூச்சுக்குழாயைத் திறக்கும், தொண்டை வீக்கத்தை வற்றவைக்கும், மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் தடுக்கும். நான்கு வேலையையும் சேர்த்துச் செய்யும் மருந்து வேறொன்று இல்லை.

கூடவே நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துவார்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரலாம், வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கலாம். எழுந்து நிற்கவோ பாத்ரூமுக்கு நடக்கவோ விடவே கூடாது. இங்கிலாந்தில் அனாபிலாக்சிஸ் மரணங்களை ஆராய்ந்தபோது, படுத்திருந்தவரைத் திடீரென்று எழுப்பி உட்காரவைத்த அல்லது நிற்கவைத்த நிமிஷத்திலேயே உயிர் போன சம்பவங்கள் தெரியவந்தன. ரத்தம் காலுக்கு இறங்கிவிட்டால் இதயத்துக்குத் திரும்பி வர எதுவும் இருக்காது. "காத்து வாங்கட்டும், வெளியே கூட்டிட்டுப் போறேன்" என்று அன்போடு கைத்தாங்கலாகத் தூக்கும் உறவினரைத் தடுக்க வேண்டியிருப்பது இதனால்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு ஆக்சிஜன், நரம்பில் சலைன், இளைப்புக்கு சால்புடமால் நெபுலைசர். சின்ன கிளினிக்காக இருந்தால் அட்ரினலின் போட்ட கையோடு 108-க்கு அழைக்க வேண்டும், போடுவதற்காக ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது.

அவிலும் டெக்ஸாவும் போட்டால் சரியாகிவிடாதா?

ஆகாது. இதைத்தான் நான் மனசார மாற்ற விரும்புகிறேன். பல இடங்களில் ரியாக்‌ஷன் என்றதும் கை தானாக அவில் என்ற அலர்ஜி ஊசிக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசிக்கும் போகிறது. அவில் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், இறங்கிய ரத்த அழுத்தத்தையும் அடைத்த தொண்டையையும் அது ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும். அரிப்பு அடங்கியதைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாகும் நேரத்தில் உள்ளே அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும், போதாக்குறைக்கு அவில் கொடுக்கும் தூக்கம் மயக்கத்தை மறைத்துவிடும். இந்த இரண்டையும் பிறகு சேர்த்துக் கொடுக்கலாம், தப்பில்லை. அட்ரினலினுக்கு முன்னாலோ பதிலாகவோ கொடுப்பதுதான் தப்பு.

அட்ரினலின் இதயத்தைப் பாதிக்குமே?

தொடைத் தசையில் சரியான அளவில் போட்டால் சிறிது நேரம் படபடப்பு, கை நடுக்கம், முகம் வெளுப்பது, தலைவலி வரும், தானாக அடங்கிவிடும். பயமுறுத்தும் கதைகள் பெரும்பாலும் அதே மருந்தை நீர்க்கச் செய்யாமல் நேராக நரம்பில் செலுத்தியதால் வந்தவை. அது உண்மையிலேயே ஆபத்து. இதய நோய் உள்ளவர்களுக்கும் அனாபிலாக்சிஸ் வந்தால் தசையில் அட்ரினலின் போடத்தான் வேண்டும், ரத்த அழுத்தம் இல்லாமல் இதயம் மட்டும் எப்படித் தாங்கும்?

பரிசோதனை முடிந்ததும் கிளம்பலாமா?

குத்தி முடித்து அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள். இருங்கள் என்றால் கிளினிக்குக்குள், எங்கள் கண் பார்வையில். கீழே போய் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்பது வேண்டாம்.

ரியாக்‌ஷன் வந்து அடங்கியவர்கள் அதைவிட நீண்ட நேரம் இருக்க வேண்டும். அடங்கிய ஒன்று சில மணி நேரத்தில் மறுபடி கிளம்பலாம், அபூர்வமாக இரண்டு மூன்று நாள் வரைகூட. லேசாக வந்து ஒரே ஊசியில் சரியானவருக்கு ஒரு மணி நேரம் போதலாம். கடுமையாக வந்தவர், இரண்டாவது ஊசி தேவைப்பட்டவர், ஆஸ்துமா உள்ளவர் ஆகியோர் குறைந்தது 6 மணி நேரம், தேவைப்பட்டால் இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் இருப்பது நல்லது. அன்றைக்கு வண்டி ஓட்டாதீர்கள், உடற்பயிற்சி வேண்டாம், வீட்டில் தனியாக இருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு கை வீங்கிவிட்டதே?

குத்திய இடம் மட்டும் 6 முதல் 12 மணி நேரத்தில் சிவந்து வீங்குவது உண்டு. ஐஸ் ஒத்தடம் கொடுத்து அலர்ஜி மாத்திரை ஒன்று போட்டால் ஓரிரு நாளில் வற்றிவிடும். மூச்சு, குரல், தலைசுற்றல், உடம்பெல்லாம் தடிப்பு என்று எது சேர்ந்தாலும் நேராக அவசரப் பிரிவு.

ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன் போடும் டெஸ்ட் டோஸும் இதுதானா?

செய்முறை கிட்டத்தட்ட அதேதான், ஆனால் கவலைக்குரிய விஷயம் இது. கேஸ் ஷீட்டில் ஏ.டி.டி. என்று எழுதியிருப்பார்கள், டெஸ்ட் டோஸ் போட்ட பிறகு கொடு என்று பொருள். செவிலியர் முன்கையில் கொஞ்சம் மருந்தைத் தோலுக்குள் செலுத்தி, பேனாவால் வட்டம் போட்டுவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுவார். அலர்ஜி கிளினிக்கில் ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் வேலையை, வார்டில் முப்பது நோயாளிகளுக்கு நடுவே ஓடி ஓடிச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தச் சின்ன அளவிலேயே அனாபிலாக்சிஸ் வர முடியும். இங்கிலாந்து மரணங்களைப் பற்றி 2000-ல் வெளியான ஆய்வில், உணவால் வந்தவற்றில் இதயம் நிற்க நடுத்தரமாக 30 நிமிஷம் எடுத்தது, பூச்சிக் கொட்டில் 15, மருத்துவமனையில் கொடுத்த மருந்தில் வெறும் 5 நிமிஷம். வட்டம் போட்டுவிட்டுப் போய்த் திரும்பி வருவதற்குள் அந்த 5 நிமிஷம் முடிந்துவிடும்.

இன்னொரு பக்கம், டெஸ்ட் டோஸ் நெகட்டிவ் என்றதும் எல்லோரும் நிம்மதியாகி முழு டோஸையும் வேகமாக ஏற்றிவிடுகிறார்கள். நெகட்டிவ் என்பது உத்தரவாதம் ஆகாது. முன்பு எந்த ரியாக்‌ஷனும் வந்திராத ஒருவருக்கு செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன் இப்படிக் குத்திப் பார்ப்பது பெரிதாக எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. "இதற்கு முன்னால் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, என்ன ஆனது, எவ்வளவு நேரத்தில்?" என்று நிதானமாகக் கேட்பதுதான் பல மடங்கு பயனுள்ளது. டெஸ்ட் டோஸ் போட்டாலும் போடாவிட்டாலும் முதல் ஊசியின்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், டிராலியில் அட்ரினலின் இருக்க வேண்டும்.

பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்துக்கு டெஸ்ட் டோஸ் போடவே கூடாது என்று இந்தியாவின் தேசிய வழிகாட்டுதலும் உலக சுகாதார நிறுவனமும் தெளிவாகச் சொல்லிவிட்டன. யாருக்கு ரியாக்‌ஷன் வரும் என்று அது காட்டுவதில்லை, சிகிச்சையைத்தான் தாமதப்படுத்துகிறது.

எனக்கு பென்சிலின் ஆகாது என்று சின்ன வயதில் எழுதிவிட்டார்கள். பரிசோதனை செய்து பார்ப்பது ஆபத்தா?

முறையான இடத்தில் செய்தால் நன்மையே அதிகம். பென்சிலின் அலர்ஜி என்று சொல்லப்பட்டவர்களில் 10 பேரில் 9 பேர் முறையாகச் சோதித்தால் அந்த மருந்தைத் தாங்குகிறார்கள். அந்த முத்திரையால் வாழ்நாள் முழுக்க விலை கூடிய, வீரியம் மிகுந்த வேறு ஆன்டிபயாடிக்குகளை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

குத்தாமல் ரத்தத்திலேயே பார்க்கலாமே?

பார்க்கலாம். குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஇ அளவை ரத்தத்தில் அளக்க முடியும், அதில் ரியாக்‌ஷன் அபாயமே இல்லை, மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். ஆஸ்துமா அடங்காதவர், பீட்டா பிளாக்கர் நிறுத்த முடியாதவர், கர்ப்பிணி, உடம்பெல்லாம் தோல் நோய் உள்ளவர் ஆகியோருக்கு இதுவே நல்லது. செலவு கூடுதல், முடிவு வர நாளாகும். ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்து உணவு அலர்ஜி சொல்கிறோம் என்று விற்கப்படும் பேக்கேஜ்களை மட்டும் வாங்காதீர்கள், அதில் உணவு அலர்ஜி தெரியாது.

தோலிலோ ரத்தத்திலோ பாசிட்டிவ் வந்தால் மட்டும் அலர்ஜி என்று ஆகிவிடாது. தினமும் நிம்மதியாகச் சாப்பிடும் பருப்புக்குத் தடித்துவிட்டது என்று குழந்தைக்குப் பருப்பையே நிறுத்திவிடுகிறார்கள், பாவம். தடிப்பின் அளவு, ரியாக்‌ஷன் எவ்வளவு கடுமையாக வரும் என்பதையும் காட்டாது.

பரிசோதனைக்கு உட்காரும் முன் நான் என்ன கேட்க வேண்டும்?

"அட்ரினலின் இந்த அறையிலேயே இருக்கிறதா? ரியாக்‌ஷன் வந்தால் யார் போடுவார்கள்? டாக்டர் இப்போது இருக்கிறாரா? எத்தனை பொருளுக்குப் பார்க்கப்போகிறீர்கள், ஏன் அத்தனை?" கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல கிளினிக்கில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், ஆம்பியூலை எடுத்தே காட்டுவார்கள். உங்கள் தொந்தரவைக் கேட்காமலே நூறு பொருள் பேக்கேஜ் என்று தொடங்கினாலோ, டெக்னீஷியன் மட்டும் தனியாக இருந்து குத்தினாலோ, வீட்டுக்கே வந்து செய்கிறோம் என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

பரிசோதனையில் ரியாக்‌ஷன் வந்துவிட்டது. இனி என்ன செய்வது?

என்னென்ன வைத்தார்கள், எத்தனை நிமிஷத்தில் தொடங்கியது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் டிரிப்டேஸ் ரத்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கச் சொல்லலாம், அது மாஸ்ட் செல்கள் உண்மையிலேயே கொட்டினவா என்று பிறகு தெரிந்துகொள்ள உதவும். மறுபடி தோல் பரிசோதனை வேண்டுமா, ரத்தத்திலேயே பார்த்துக்கொள்ளலாமா என்பதை சில வாரம் கழித்து டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

வெளிநாடுகளில் இப்படிப்பட்டவர்கள் பேனா போன்ற தானியங்கி அட்ரினலின் ஊசியைக் கையிலேயே வைத்திருப்பார்கள். இந்தியாவில் அது எளிதில் கிடைப்பதில்லை. அதனால் சில டாக்டர்கள் ஆம்பியூலும் சிரிஞ்சும் கொடுத்து, எவ்வளவு இழுப்பது, தொடையில் எங்கே குத்துவது என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஆம்பியூல் விலை குறைவுதான். கேட்டு வாங்கி, வெயில் படாத இடத்தில் வைத்து, காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், வீட்டில் குறைந்தது இரண்டு பேராவது போடக் கற்றுக்கொள்ளுங்கள்.